300 கிலோமீட்டர் ஓடும்னு சொன்னீங்களே, எந்த ரோட்டுலங்க?

மின்சாரக் கார் விக்கிற அத்தனை பேர்கிட்டயும் எனக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. போர்டுல கொட்டை எழுத்துல ஒரு நம்பர் போடறீங்களே, அந்த நம்பரை எந்த ரோட்டுல, எந்த வேகத்துல, எத்தனை பேரை உக்கார வச்சு, ஏசிய போட்டா போடாமலா எடுத்தீங்க? இதை நம்பருக்குக் கீழேயே அதே சைஸ் எழுத்துல போட முடியுமா முடியாதா?

அவ்ளோதான் மேட்டர். ஆனா இதைக் கேட்டா ரெண்டு பக்கமும் அடிக்க வர்றாங்க. ஒரு கோஷ்டி "நீ பெட்ரோல் கம்பெனி ஆளு"ன்னு சொல்லுது. இன்னொரு கோஷ்டி "நான்தான் அப்பவே சொன்னேனே, கரண்ட் காரெல்லாம் டுபாக்கூரு"ன்னு கை தட்டுது. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா இருக்கும், டீ வாங்கிட்டு வந்து உக்காருங்க :-)

நான் எந்த ரோட்டை வச்சுப் பேசறேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க ஊரு மேல்சித்தாமூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல இருக்கு. தமிழ்ச் சமணர்களோட ஜினகாஞ்சி மடம், மலைநாதர் கோயில், பார்சுவநாதர் கோயில் எல்லாம் இருக்கிற ஊரு. ஊர்ல ஒரு தெரு, அப்புறம் கிராமத்து ரோடு, அப்புறம் திண்டிவனம் ரோடு, அதுக்கப்புறம் மெட்ராஸ் வரைக்கும் நாலு வழிச் சாலை. ஒரே பயணத்துல நாலு விதமான ரோடு. கார் கம்பெனி நம்பரை உரசிப் பாக்க இதை விட நல்ல உரைகல் கிடைக்காது.

சரி, அந்த நம்பர் எங்கேருந்து வருது?

நம்ம நாட்டுல எம்ஐடிசின்னு ஒரு சோதனை முறை இருக்கு. ஐரோப்பாக்காரன் பழைய முறையை எடுத்து நம்மூருக்கு ஏத்த மாதிரி மாத்தினது. காரை ரோட்டுல ஓட்ட மாட்டாங்க. ஆய்வுக்கூடத்துல உருளை மேல ஏத்தி நிறுத்தி, இத்தனையாவது நொடியில இத்தனை வேகம்னு ஒரு அட்டவணைப்படி சக்கரத்தைச் சுத்துவாங்க. மொத்தம் 1180 நொடி. தூரம் 10 கிலோமீட்டர் சொச்சம். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90, அதுவும் கொஞ்ச நேரம்தான். முதல் பாகம் ஊருக்குள்ள ஓட்டற மாதிரி, அதுல 50-ஐத் தாண்டவே தாண்டாது. ஏசி? போட மாட்டாங்க!

மெட்ராஸ்லேருந்து திண்டிவனத்துக்கு மே மாசம் பகல் ஒரு மணிக்கு ஏசி இல்லாம, சராசரி 32-ல போறவரு யாராச்சும் இருந்தா கை தூக்குங்க பாப்போம். நான் நேர்ல வந்து கால்ல விழுந்து கும்பிட்டுக்கறேன்.

ஆக, கம்பெனிக்காரங்க பொய் சொல்லலை. அதுதான் இதுல பெரிய டகால்டியே! சர்ட்டிபிகேட் நிஜம், சோதனை நிஜம், நம்பரும் நிஜம். நம்ம ரோடு மட்டும்தான் அந்தச் சோதனைக்குள்ள இல்லை.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

கார் ஓடறதுக்கு முக்கியமா ரெண்டு எதிரி. ஒண்ணு டயர் உருள்ற உராய்வு. வேகம் கூடினாலும் குறைஞ்சாலும் இது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ரெண்டாவது காத்து. இவன்தான் வில்லன். வேகம் ரெண்டு மடங்கானா காத்து தடுக்கிற விசை நாலு மடங்காகும். 1600 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண எஸ்யூவி டைப் கார், பயன்படுத்தற மாதிரி 40 யூனிட் பேட்டரி (நம்ம வீட்டு மீட்டர்ல ஓடற அதே யூனிட்தான்), ஏசி ஒரு கிலோவாட் எடுக்குதுன்னு வச்சு நான் போட்ட கணக்கு இது. சமதள ரோடு, காத்து அடிக்கலை.

மணிக்கு 60-ல ஒரே சீரா போனா: சுமார் 370 கிலோமீட்டர்
80-ல போனா: சுமார் 300
100-ல போனா: சுமார் 230
120-ல போனா: சுமார் 180

அதே கார், அதே பேட்டரி, அதே டிரைவர். வலது கால் கட்டை விரல் எவ்ளோ அமுக்குதுங்கறதை வச்சு தூரம் பாதியாகுது. வண்டிக்கு வண்டி அஞ்சு பத்து சதவீதம் மாறும், ஆனா கோடு இறங்கற விதம் இதுதான். இப்ப சொல்லுங்க, இந்தக் காருக்கு ரேஞ்ச் எவ்ளோ? ஒரே நம்பர்ல சொல்ல முடியுமா? "உங்க ஊர் மழை எவ்ளோ?"ன்னு கேட்டா ஒரே நம்பர் சொல்ற மாதிரி இருக்கு. ஐப்பசியிலயா, பங்குனியிலயாங்க?

இன்னொரு வேடிக்கை. திண்டிவனம் வரைக்கும் வேணாம், ஏர்போர்ட்லேருந்து எங்க ஊருக்கு ஏறக்குறைய 125 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. சீரா 80-ல வந்தா 94 நிமிஷம். 100-ல வந்தா 75 நிமிஷம். மிச்சம் 19 நிமிஷம். அந்த 19 நிமிஷத்துக்காக திரும்பிப் போறப்போ வழியில சார்ஜ் போட்டு அரை மணி, முக்கால் மணி நிக்கணும். அதாவது அவசரமா போறவன்தான் லேட்டா போய்ச் சேருவான்! முயல் ஆமை கதையை நான் இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

காத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க பக்கம் ஆடி மாசம் மேற்கேருந்து அடிக்கும் பாருங்க, சைக்கிள் மிதிச்சவங்களுக்குத் தெரியும். திண்டிவனத்துலேருந்து செஞ்சிப் பக்கம் போறது மேற்கு நோக்கித்தான். எதிர்க்காத்து 20-ல அடிக்குதுன்னா, ஸ்பீடாமீட்டர் 80 காட்டினாலும் காத்துக் கணக்குல நீங்க 100-ல போறீங்க. 300 ஓட வேண்டிய வண்டி 230-க்கு வந்துடும். திரும்பி வர்றப்போ அதே காத்து முதுகைத் தள்ளும், அப்ப கூட ஓடும். ஆனா காத்து கெடுக்கிற அளவுக்கு எப்பவும் திருப்பிக் கொடுக்காது. இதை எந்த ஷோரூம்லயாச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

இப்ப அடுத்த கோஷ்டிக்கு வர்றேன். வாட்ஸப்புல ரீல் சுத்தற நல்லவங்களே, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க.

"டிராபிக்ல மாட்டினா பேட்டரி காலியாகி நடுரோட்டுல நிப்ப"ன்னு ஒரு மெசேஜ் வருஷம் பூரா சுத்துது. சாமி, மின்சாரக் கார் நின்னா மோட்டாரும் நிக்கும். பெட்ரோல் இன்ஜின் மாதிரி சும்மா உறுமிக்கிட்டு இருக்காது. ஏசி மட்டும்தான் ஓடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பரனூர் டோல்கேட்ல முழுசா ஒரு மணி நேரம் நின்னாக்கூட ஒண்ணரை யூனிட் போகும். தூரத்துல சொன்னா 10, 11 கிலோமீட்டர். அதுக்கு மேல இல்லை.

ஊருக்குள்ள நின்னு நின்னு போறது மின்சாரக் காருக்குப் பிடிச்ச விஷயம். பிரேக் போடறப்போ மோட்டாரே டைனமோ மாதிரி மாறி கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பிடும். அதனாலதான் பெட்ரோல் கார் ஹைவேயில நல்ல மைலேஜ் கொடுக்கும், மின்சாரக் கார் ஊருக்குள்ள நல்ல மைலேஜ் கொடுக்கும். அப்படியே தலைகீழ். ஆனா ஒண்ணு, ஊர்ந்து ஊர்ந்து மணிக்கு 15-ல போற நெரிசல்ல ஏசிய முழுசா வச்சா, ஏசி மட்டுமே கிலோமீட்டருக்குக் கணிசமா தின்னும். வெயில்ல நிறுத்தி வச்ச காரை எடுத்ததும் முதல் சில நிமிஷம் ஏசி இன்னும் அதிகமா இழுக்கும். அதுவும் உண்மைதான். இதையும் சேர்த்துச் சொன்னாத்தான் அது தகவல். பாதியைச் சொன்னா அது வதந்தி.

அப்புறம் அந்த நார்வே மெசேஜ். "குளிர்ல ரேஞ்ச் போயிடும் பாத்தீங்களா"ன்னு பனியில புதைஞ்ச கார் போட்டோவோட. நார்வே வாகன ஓட்டிகள் சங்கம் எல் பிரிக்ஸ்னு பேர் வச்சு குளிர்காலத்துல கார்களை நிஜ ரோட்டுல நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாத்து முடிவை வெளியிடறாங்க. குளிர்ல தூரம் குறையுது, வாஸ்தவம்தான். ஆனா திண்டிவனத்துல எந்த மாசம் பனி கொட்டுச்சு? மார்கழியில கோலம் போடறப்போ ஸ்வெட்டர் போடற குளிரெல்லாம் பேட்டரிக்கு ஜுஜுபி. நம்ம எதிரி வெயில், வேகம், காத்து, பாரம். அடுத்தவன் ஊர் வியாதிக்கு நாம மருந்து சாப்பிட வேணாம். ஆனா அவங்ககிட்டேருந்து ஒண்ணைக் கத்துக்கலாம். அவங்க அவங்களோட ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க! நாம நம்ம ரோட்டுல ஓட்டிப் பாத்தோமா?

இவ்ளோ கோவம் ஏன்னு கேக்கலாம். காரணம் இருக்கு.

எங்க ஊருப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் டாக்ஸி ஓட்டறான். லோன் போட்டு ஒரு சின்ன மின்சாரக் கார் எடுத்தான். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம்னெல்லாம் சொல்லப் போறதில்லை. போர்டுல முந்நூத்திச் சொச்சம்னு இருந்துச்சு. அவன் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. "ஏர்போர்ட்டுக்குப் போக வர 250ண்ணே. ஒரு சார்ஜுல முடிஞ்சுடும். டீசல் காசு பூரா மிச்சம், அதுலயே ட்யூ கட்டிடுவேன்." தப்பான கணக்கா? போர்டுல இருந்த நம்பரை நம்பினா சரியான கணக்கு.

ஹைவேயில அது 190, 200-க்கு மேல தாண்டலை. ராத்திரி ஃப்ளைட்டுக்கு ஆளை ஏத்தப் போனவன் திரும்பி வர்ற வழியில சார்ஜர்ல வரிசையில நிக்கறான். வண்டிக்குள்ள ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்த குடும்பம், தூங்கற குழந்தை. அடுத்த தடவை அவங்க அவனைக் கூப்பிடுவாங்களா? இப்ப அவன் என்ன பண்றான் தெரியுமா, ஆளை இறக்கி விட்டுட்டு காலியா வர்றப்போ ஏசியை அணைச்சுட்டு, கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, இடது ஓரமா 60-ல வர்றான். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்.

"அண்ணே, வண்டி நல்ல வண்டிதான்ணே. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம்னு ஓட்டினா சூப்பரா ஓடுது. ஏர்போர்ட் ட்ரிப்புக்கு இது இல்லைன்னு அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருந்தா பெரிய பேட்டரியா எடுத்திருப்பேன்"னான். என்னை உலுக்கினது அந்த வார்த்தைதான். கார் அவனை ஏமாத்தலை. ஒரு நம்பர் ஏமாத்திடுச்சு. அதுக்கான ட்யூவை அஞ்சு வருஷம் கட்டப் போறது நம்பர் எழுதினவன் இல்லை, அவன்தான்.

"பெட்ரோல் காருக்கும்தான் மைலேஜைக் கூட்டிச் சொல்றாங்க, நாம என்ன கோர்ட்டுக்கா போனோம்?"னு ஒரு அறிவாளி கேப்பார். நியாயமான கேள்வி. 22 கொடுக்கும்னு சொன்ன வண்டி 16 கொடுத்தா நமக்கு நூறு, இருநூறு ரூபா நட்டம், அஞ்சு நிமிஷத்துல அடுத்த பங்க்ல ரொப்பிக்கலாம். மின்சாரக் கார்ல அதே அளவு பொய், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மணி நேரம் ரோட்டோரம் நிக்க வைக்கும். பொய்யோட சைஸ் ஒண்ணுதான், தண்டனை வேற.

இதுல இன்னொரு நுணுக்கம். 100-ல 230 ஓடும்னு மேல சொன்னேனே, அது முழுசா நிரப்பி முழுசா காலி பண்ணினா. நிஜத்துல யாரும் 10 சதவீதத்துக்குக் கீழ விட மாட்டாங்க, நெஞ்சு படபடக்கும். வேகமா சார்ஜ் ஏத்தற இடத்துல 80-ஐத் தாண்டினா கரண்ட் ஏறற வேகம் குறைஞ்சுடும், அதனால கிளம்பிடுவாங்க. ஆக ரெண்டு சார்ஜுக்கு நடுவுல கைக்குக் கிடைக்கிறது 70 சதவீதம்தான். 230-ல 70 சதவீதம், 160 கிலோமீட்டர். நீண்ட பயணத்துக்குத் திட்டம் போடறவனுக்கு இந்த நம்பர்தான் முக்கியம். இது எந்த விளம்பரத்துல இருக்கு?

இதெல்லாம் புதுப் பஞ்சாயத்து இல்லை. 2021 மார்ச்சுல டெல்லியில நடந்தது ஞாபகம் இருக்கா? டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு சர்ட்டிபிகேட்ல 312 கிலோமீட்டர். அவ்ளோ ஓடலைன்னு வாங்கினவங்க புகார் கொடுத்தாங்க. டெல்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தையே நிறுத்தி வச்சுது. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் அதே மாசம் தடை வாங்கிடுச்சு. யார் பக்கம் நியாயம்? கம்பெனி சட்டப்படி சோதனை பண்ணி சர்ட்டிபிகேட் வாங்கியிருந்துச்சு. வாங்கினவங்களும் நிஜமாவே அந்தத் தூரம் போகலை. ரெண்டு பக்கமும் சரின்னா, அளக்கற கோல்தான் கோணல்!

கோணல்னு கம்பெனிகளுக்கே தெரியும்ங்கறதுக்கும் சாட்சி இருக்கு. அதே டாடா 2024-ல சி75ன்னு ஒரு நம்பரைக் கொண்டு வந்தாங்க. வாங்கறவங்கள்ல 75 சதவீதம் பேருக்கு நிஜமா கிடைக்கக்கூடிய தூரம்னு அர்த்தம். 45 யூனிட் நெக்ஸானுக்கு சர்ட்டிபிகேட் 489, சி75 350-லேருந்து 370. அவங்களோட கர்வ் பெரிய பேட்டரிக்கு முதல் பாகம் மட்டும் வச்சா 585, ரெண்டு பாகமும் சேர்த்தா 502, சி75 400-லேருந்து 425. பாத்தீங்களா, ஒரே காருக்கு மூணு நம்பர், ஒவ்வொண்ணும் படி இறங்குது. இதை வெளியில சொன்னதுக்கு ஒரு சபாஷ் போட்டே ஆகணும். ஸ்கூட்டர்ல ஏத்தர்காரங்க (மெட்ராஸ் ஐஐடியில முளைச்ச கம்பெனி, ஓசூர்ல தயாரிக்கிறாங்க) ட்ரூ ரேஞ்சுன்னு ஒண்ணு போட்டாங்க. 2022-ல வந்த 450எக்ஸ்-க்கு சர்ட்டிபிகேட் 146, ட்ரூ ரேஞ்ச் 105. அப்படிச் சொன்னதால அவங்க வியாபாரம் படுத்துடலையே!

ஆக, உண்மையைச் சொல்ல முடியும். சொன்னாலும் பொழைக்க முடியும். அப்ப எல்லாரையும் சொல்ல வைக்கிறதுல அரசாங்கத்துக்கு என்ன கஷ்டம்?

அமெரிக்காவுல ஆய்வுக்கூட நம்பரை வழக்கமா 0.7-ஆல பெருக்கிக் குறைச்சுத்தான் ஸ்டிக்கர்ல ஒட்டறாங்க. ஐரோப்பா 2017-ல பழைய முறையைத் தூக்கிக் கடாசிட்டு டபிள்யூஎல்டிபின்னு புது முறைக்கு மாறிச்சு, அதுல வேகம் 131 வரைக்கும் போகும். இங்க ஒரு ஏசி மிஷின் வாங்கினா எத்தனை ஸ்டார், வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு முகத்துல ஒட்டி வச்சிருக்காங்க. முப்பதாயிரம் ரூபா ஏசிக்கு இருக்கிற மரியாதை பதினஞ்சு லட்சம் ரூபா காருக்கு வேணாமா?

நான் கேக்கறது இவ்ளோதான்:

1. ஒரே நம்பர் வேணாம். ஊருக்குள்ள, ஹைவேயில 80, ஹைவேயில 100. மூணு நம்பர் பக்கத்துப் பக்கத்துல, ஒரே சைஸ் எழுத்துல.

2. மூணுமே ஏசி ஓட விட்டு எடுக்கணும், 40 டிகிரியில. ஏசி இல்லாத நம்பரைப் போடற கம்பெனி முதலாளி முதல்ல தன் கார்ல ஏசியைக் கழட்டிட்டு அக்னி நட்சத்திரத்துல செஞ்சிக்கோட்டை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரட்டும்.

3. நாலு பேரு, பின்னாடி மல்லாட்டை மூட்டையோட எடுக்கணும். ஊர்லேருந்து வெறுங்கையோட யாருங்க திரும்பறா? எடை கொஞ்சம்தான் குறைக்கும், ஆனா கூரை மேல கேரியர் கட்டி மூட்டை ஏத்தினா காத்து பிடிச்சு நல்லாவே குறையும். அதையும் சொல்லணும்.

4. 80-லேருந்து 10 சதவீதம் வரைக்கும் எவ்ளோ தூரம்னு தனியா ஒரு வரி.

5. டாக்ஸிக்கு லோன் கொடுக்கிற இடத்துலயும் இந்தத் தாளைக் கையில கொடுத்து கையெழுத்து வாங்கணும்.

இதுக்கு ராக்கெட் விட வேண்டியதில்லை. ஒரகடத்துலயே வாகன ஆராய்ச்சி, சோதனை மையம் இருக்கு. செய்யாறுல மஹிந்திராவோட சோதனைத் தடம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 2025-லேருந்து க்ரெட்டா மின்சாரக் கார் போடுது. தூத்துக்குடியில 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தாச்சு. காரைச் செய்யறது நம்மூரு, வெயில் நம்மூரு, ரோடு நம்மூரு. அளவு மட்டும் ஏன் எங்கேயோ இருக்கிற ஆய்வுக்கூட உருளை மேல?

வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி நம்பரை எழுதிக்கோங்க. ஊருக்குள்ளன்னா முக்கால் வாசி, ஹைவேன்னா பாதிக்குக் கொஞ்சம் மேலன்னு வச்சுக் கணக்குப் போடுங்க. உங்க வாழ்க்கையில வாராவாரம் வர்ற நீளமான பயணம் எதுவோ அது அதுக்குள்ள அடங்குதா? அடங்கினா கண்ணை மூடிட்டு வாங்குங்க, நல்ல வண்டிங்க, செலவும் கம்மி. அடங்கலைன்னா பெரிய பேட்டரி பாருங்க, இல்லைன்னா வழியில சார்ஜர் எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. டயர் காத்தை மாசத்துக்கு ரெண்டு தடவை பாருங்க. டாஷ்போர்டுல காட்டற மிச்ச தூரத்தை நம்பாதீங்க, அது நேத்து நீங்க ஓட்டினதை வச்சு இன்னைக்கு ஜோசியம் சொல்லுது. ஊருக்குள்ள ஓட்டிட்டு ஹைவே ஏறினா ஒரு கிலோமீட்டர் போறதுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் குறைச்சுக் காட்டும், பதறாதீங்க, வேகத்தைக் குறைங்க.

ஷோரூம் சேல்ஸ்மேன்கிட்ட "எவ்ளோ ஓடும்?"னு கேக்கறதை இன்னையோட நிறுத்துங்க. "ஏசி போட்டு, நாலு பேரோட, 100-ல எவ்ளோ ஓடும்?"னு கேளுங்க. தெரியாதுன்னா "தெரிஞ்சுட்டுப் போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. பத்து பேரு இப்படி எழுந்து வந்தா பதினோராவது ஆளுக்கு போர்டுல மூணு நம்பர் இருக்கும்.

டிஸ்கி: மேல போட்ட கணக்கு கார் கம்பெனி கொடுத்ததில்லை, காகிதத்துல நான் போட்டது. உங்க வண்டியில 80-ல எவ்ளோ, 100-ல எவ்ளோன்னு நிஜமா ஓட்டிப் பாத்தவங்க சொல்லுங்க. சண்டை போடறவங்களும் நம்பரோட வாங்க :-)